உள்ளே போய் உட்கார், இளங்கோ

பாளையங்கோட்டை

அன்புள்ள இளங்கோவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். ஆச்சிக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, இப்போது செய்தித்தாளைத் தாங்களே படிக்கிறார்கள். பெரியப்பா வீட்டு விவகாரம் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. மற்றச் செய்திகளை அப்பா தொலைபேசியில் சொல்வார்கள். மதுமிதா வீட்டாருக்கு எழுத வேண்டியதையும் அப்பா எழுதிவிட்டார்கள். அதைப் பற்றி நீயாகச் சொல்லும்வரை யாரும் உன்னிடம் கேட்கக் கூடாது என்று சரசு அத்தையிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். நானும் கேட்கப் போவதில்லை. எனக்குத் தெரிய வேண்டியது வேறொன்று: உனக்குப் பிடித்த அந்த ஆங்கில எழுத்தாளர் டோல்கீனை நீ இப்போது படிக்கிறாயா?

சென்ற முறை காணொளியில் பேசியபோது, உனக்குப் பின்னால் சுவரோரம் அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகளைப் பார்த்தேன். வீடு மாறும்போது கட்டியவை இன்னும் கட்டுப் பிரிக்காமலே இருக்கின்றன. அவற்றில் இருப்பவை புத்தகங்கள் என்று மேலே உன் கையெழுத்திலேயே எழுதியிருக்கிறது. எந்த ஊருக்குப் போனாலும் முதலில் புத்தகங்களை வெளியே எடுத்து வைத்துவிட்டு, அதன் பிறகே பாயை விரித்தவன் நீ. வேலை அதிகம் என்று நீ சொல்வதை நான் நம்பாமல் இல்லை. ஆனால் கோயம்புத்தூரில் இதைவிட அதிக வேலை இருந்த காலத்திலும் நீ படித்துக்கொண்டுதான் இருந்தாய்.

பச்சை அட்டை போட்ட உன் ஏடு மச்சில் இருந்த இரும்புப் பெட்டியில் கிடைத்தது. பின்பக்கத்தில், டோல்கீன் தம் கதைகளில் வரும் எல்வ்கள் என்ற கற்பனை இனத்தாருக்காக உருவாக்கிய குவென்யா மொழியின் வேற்றுமை உருபுகளை நம் வேற்றுமைகளோடு இணைத்து நீ போட்டிருந்த அட்டவணையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் வேற்றுமைக்கு எதிரில் ‘ல்லோ’, ஏழாம் வேற்றுமைக்கு எதிரில் ‘ஸ்ஸே’ என்று தடையில்லாமல் எழுதிக்கொண்டு வந்தவன், நான்காம் வேற்றுமையில் நின்றுவிட்டாய். எனக்குக் கொடு என்பதற்கும் ஊருக்குப் போ என்பதற்கும் நமக்கு ஒரே ‘கு’ போதுமாயிருக்க, அங்கே கொடைக்கு ஓர் உருபும் செல்லும் திசைக்கு ‘ன்னா’ என்று வேறோர் உருபும் ஏன் இருக்கின்றன என்று ஓரத்தில் எழுதி, பெரிதாக ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறாய். பள்ளியில் படித்துக்கொண்டிருந்த பையன் தன்னந்தனியாகக் கேட்டுக்கொண்ட கேள்வி அது. உன் தமிழாசிரியர் இருந்திருந்தால் அதைக் கொண்டுபோய்க் காட்டியிருப்பேன். இத்தனை வருடங்களில் நீ அதை யாரிடமாவது கேட்டாயா? கேட்டிருக்க மாட்டாய் என்றுதான் நினைக்கிறேன்.

ஏட்டை மூடி வைத்த பிறகு, இந்த மொழியைப் பற்றி இப்போது எங்கெங்கே யார் யார் யோசிக்கிறார்கள் என்று தேடத் தொடங்கினேன். தேடுவது என் தொழில். ஓய்வு பெற்றதால் அது விட்டுப்போகவில்லை. தேடுபொறி முதலில் காட்டுவது விளம்பரங்களுக்கு நடுவே செய்தி தெரியும் பக்கங்களைத்தான். அதனால் நான் நூலகத்தில் பின்பற்றிய வழியையே பின்பற்றினேன்: ஒரு நல்ல கட்டுரையின் அடிக்குறிப்புகளைப் பார்த்து, அவை எந்தத் தளங்களை நம்பிச் சுட்டுகின்றன என்று குறித்துக்கொண்டு, அந்தத் தளங்களுக்குப் போய் அவை யாரைச் சுட்டுகின்றன என்று பார்த்தேன். சற்று நேரத்திலேயே அதே பெயர்கள் திரும்பத் திரும்ப வரத் தொடங்கின. அதன் பிறகு, ஒவ்வொரு தளத்திலும் அண்மைய மாற்றங்கள் என்ற பக்கத்தைத் திறந்து, கடைசியாக எப்போது கைபட்டிருக்கிறது, எத்தனை பேருடைய கை பட்டிருக்கிறது என்று பார்த்தேன். ஓர் இடத்தில் உயிர் இருக்கிறதா என்பதை முகப்புப் பக்கத்தைவிட அந்தப் பக்கம் நன்றாகச் சொல்லிவிடுகிறது.

டோல்கீனின் கற்பனை உலகத்துக்கான என்சைக்ளோபீடியா ஆஃப் ஆர்டா என்ற தளத்தை 1997இல் தொடங்கியவர் ஒரே ஒருவர். டோல்கீன் கேட்வே என்ற கலைக்களஞ்சியத் தளம் 2005இல் தொடங்கியது. அதில் யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். இப்படிப்பட்ட ஏற்பாட்டை நான் பணியில் இருந்தபோது ஐயத்தோடுதான் பார்த்திருப்பேன். ஆனால் அங்கே ஓர் ஆற்றைப் பற்றிய சிறு கட்டுரையில்கூட, ஒவ்வொரு செய்திக்கும் எந்த நூல், எந்தப் பகுதி, எந்த அத்தியாயம் என்று அடிக்குறிப்பு இருக்கிறது. திரைப்படங்களிலும் விளையாட்டுகளிலும் வந்தவற்றைக் கட்டுரையின் கடைசியில் தனித் தலைப்பில் ஒதுக்கி, மூல நூலோடு கலந்துவிடாமல் வைத்திருக்கிறார்கள். 1937இல் வந்த ‘தி ஹாபிட்’ என்ற சிறுவர் கதை, 1954, 1955ஆம் ஆண்டுகளில் வெளியான ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ என்ற பெரிய நூலின் மூன்று தொகுதிகள், ஆசிரியர் இறந்த பின் 1977இல் மகன் தொகுத்து வெளியிட்டது, அதற்குப் பிறகு 1983 முதல் 1996 வரை அதே மகன் பன்னிரண்டு தொகுதிகளாகக் கொண்டுவந்த வரைவுகள் என்று எல்லாவற்றிலும் சிதறிக்கிடப்பதை, முரண்படும் இடங்களில் முரண்பாட்டை மறைக்காமல், ஒரு பெயரின் கீழ் திரட்டியிருக்கிறார்கள். சம்பளம் வாங்கிச் செய்பவர்களிடம் இந்தக் கவனத்தை எதிர்பார்த்து நான் எத்தனையோ முறை ஏமாந்திருக்கிறேன்.

உன் மொழிக்கென்றே தனி இடங்களும் இருக்கின்றன. டோல்கீனின் மொழிகளை விளக்கும் ஆர்டலாம்பியன் தளத்தை உனக்கு ஏற்கெனவே தெரியும்; உன் ஏட்டில் அதன் பெயர் இருக்கிறது. எல்டாமோ என்ற அகராதியைப் பார்த்தாயா என்று தெரியவில்லை. டோல்கீன் எழுதி வைத்த சொல் எது, அவருடைய எந்தக் காலத்துக் குறிப்பிலிருந்து அது வருகிறது, இரசிகர்கள் பின்னர் தேவைக்காக உருவாக்கிக்கொண்ட சொல் எது என்று தனித்தனியாகக் குறியிட்டிருக்கிறார்கள். ஆசிரியர் தம் வாழ்நாள் முழுவதும் இலக்கணத்தை மாற்றிக்கொண்டே இருந்தவர் என்பதால், இந்தக் குறிகள் இல்லாவிட்டால் அகராதியே பயனற்றுப் போய்விடும். நீ பள்ளியில் தயாரித்த பட்டியலில் இந்த வேறுபாடு இல்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் நேரே பக்க எண் எழுதியிருக்கிறாய். அந்தப் பழக்கம் என்னிடமிருந்து வந்தது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன்.

சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் இரங்கநாதனும் புளோம்ஃபான்டைனில் பிறந்த டோல்கீனும் ஒரே 1892ஆம் ஆண்டுப் பிள்ளைகள் என்பது இப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்று 1931இல் இரங்கநாதன் விதி எழுதினார். நாங்கள் அதை நூலகரின் கடமை என்றே படித்தோம். இந்தத் தளங்களைப் பார்க்கும்போது, வாசகர்களே அந்தப் பொறுப்பைத் தம் கையில் எடுத்துக்கொண்டு, நூலையும் தங்களையும் மட்டுமன்றி, ஒருவரையொருவரும் தேடிச் சேர்த்துவிட்டார்கள் என்று தோன்றுகிறது. அந்தக் கூட்டத்துக்குள் நீ இல்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

நீ உள்ளே போக வேண்டும், இளங்கோ. வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்புவது உன் சிறுவயதுப் பழக்கம். கட்டுரைப் போட்டிக்கு எழுதி வைத்ததைக் கொடுக்காமல் திரும்ப எடுத்துக்கொண்டு வந்தாய். சதுரங்க வகுப்பின் சன்னலுக்கு வெளியே நின்றே ஆட்டத்தைக் கற்றுக்கொண்டாய். கற்றுக்கொண்ட ஆட்டத்தில் பெரியப்பாவை நீ தோற்கடித்ததை நான் இன்றும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் சன்னலுக்கு உள்ளே இருந்த பிள்ளைகள் யாரும் உனக்கு நண்பர்களாகவில்லை என்பதையும் நான் மறக்கவில்லை.

முதலில் படி; இதை நீயே செய்வாய். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு குணம் இருக்கிறது. ரெட்டிட்டில் டோல்கீன் பெயரில் உள்ள குழுக்களில், நூலை மட்டும் பேசும் இடம் ஒன்று. திரைப்படம், படங்கள், நகைச்சுவை எல்லாம் கலந்த இடம் வேறு. நூலுக்கான குழுவில் போய்த் திரைப்படக் காட்சியைச் சான்றாகக் காட்டினால் கோபித்துக்கொள்வார்கள். டிஸ்கார்டில் உரையாடல் வேகமாக ஓடிவிடும். நேற்றுப் பேசியதை இன்று தேடி எடுப்பது கடினம். நிதானமாக யோசித்து எழுதும் உனக்கு அது முதலில் ஒத்துவராமல் போகலாம். அதனால் எல்லா இடங்களும் இப்படித்தான் என்று முடிவு கட்டிவிடாதே. பால்ராக் என்ற நெருப்பு அரக்கனுக்குச் சிறகு உண்டா இல்லையா என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு எங்கும் நுழையாதே. ஒரு பத்தியில் நிழல் சிறகுகளைப் போல விரிந்தது என்று உவமையாகவும், சற்றுப் பின்னர் சிறகுகள் சுவர்முதல் சுவர்வரை விரிந்தன என்று நேராகவும் எழுதியிருப்பதை வைத்துக்கொண்டு அவர்கள் பல ஆண்டுகளாக வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அந்த வழக்கு மிகவும் பிடித்திருந்தது. இரண்டு வரிகளை இவ்வளவு உற்றுப் பார்க்கும் மனிதர்கள் இருக்கும் இடத்தில் உன்னைப் போன்ற ஒருவன் அந்நியனாக இருக்க முடியாது.

படித்த பிறகு, சிறிய ஒன்றைச் செய். விடுபட்ட அடிக்குறிப்பைச் சேர், எழுத்துப்பிழையைத் திருத்து. என்ன மாற்றினாய், ஏன் மாற்றினாய் என்று ஒரு வரி சுருக்கம் எழுது. யாராவது உன் திருத்தத்தை நீக்கிவிட்டால் மனம் சுருங்கிப் பின்வாங்கிவிடாதே. ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் பேச்சுப் பக்கம் ஒன்று இருக்கிறது, அங்கே போய்க் காரணம் கேள். நீக்கியவர் உன்மேல் வெறுப்பு கொண்டவராக இருக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் உன்னைவிட நூலை இரண்டு முறை கூடுதலாகப் படித்தவராக இருப்பார். இயற்பெயரை வைக்காதே, வேலை செய்யும் இடத்தைச் சொல்லாதே. பழகிய உடனே தனியாகப் பேச அழைத்துப் பணம் கேட்பவர்கள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள். இதை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஆனால் இந்த எச்சரிக்கையையே காரணமாக வைத்துக்கொண்டு மறுபடியும் வாசலில் நின்றுவிடாதே.

நம் நிறத்தைப் பார்த்து அங்கே என்ன சொல்வார்களோ என்ற கவலை எனக்கும் வந்தது. 2022இல் அந்த உலகத்தை வைத்து எடுத்த தொடரில் கறுப்பு நிறத்தவர்கள் நடித்தார்கள் என்பதற்காகச் சிலர் மிகக் கேவலமாக எழுதியதைப் படித்தேன். அதே செப்டம்பரில், பழைய திரைப்படங்களில் ஹாபிட்கள் என்ற சிறு உருவத்தினராக நடித்த நால்வரும், எல்லோரும் இங்கே வரலாம் என்று எல்வ்களின் எழுத்தில் பொறித்தவற்றை அணிந்து படம் வெளியிட்டதையும் படித்தேன். வெளியே நின்று பார்ப்பவனுக்குக் கேவலமாகப் பேசுபவர்களின் குரல்தான் முதலில் கேட்கும். அப்படிப் பேச அனுமதிக்கும் இடம் என்று தெரிந்தால் வாதாடாமல் வெளியேறிவிடு. வேறு இடங்கள் இருக்கின்றன.

டோல்கீனின் வாழ்க்கையையும் இதற்காகவே படித்தேன். பர்மிங்ஹாமில் பள்ளி நூலகத்தின் பொறுப்பை மாணவராக ஏற்றிருந்தபோது, 1911இல், நண்பர்களோடு அந்த நூலகத்துக்குள்ளேயே இரகசியமாகத் தேநீர் காய்ச்சிக் குடித்துக்கொண்டு ஒரு சிறு குழுவை உண்டாக்கியிருக்கிறார். அதில் மிக நெருங்கிய நால்வரில் இருவர் 1916இல் போரில் இறந்துவிட்டார்கள். ஒருவர் ஜூலை முதல் தேதி, மற்றவர் டிசம்பரில். அவ்வளவு பெரிய இழப்புக்குப் பிறகு ஒரு மனிதர் இனி யாரோடும் சேர்வதில்லை என்று இருந்துவிட்டாலும் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அவர் 1920இல் வேலைக்கு வந்தது இங்கிலாந்தில் நீ இருக்கும் அதே லீட்ஸுக்கு. அங்கே கார்டன் என்ற சக ஆசிரியரோடு சேர்ந்து மாணவர்களுக்காக வைக்கிங் கிளப் என்று ஒன்றைத் தொடங்கி, பழைய ஐஸ்லாந்துக் கதைகளைப் படித்து, பழைய மொழிகளில் வேடிக்கைப் பாட்டுகளை இயற்றிப் பாடினார்கள். 1925இல் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போன பிறகும், அடுத்தடுத்து இப்படிப்பட்ட குழுக்களில்தான் இருந்திருக்கிறார். நீ நேசிக்கும் அந்த உலகம் தனி அறையில் எழுதப்பட்டதுதான். ஆனால் ஒவ்வொரு பகுதியாக நண்பர்களிடம் வாசித்துக் காட்டப்பட்டு வளர்ந்தது.

டார்ன்லி சாலையில் அவர் குடியிருந்த வீடு உன் ஊரில்தான் இருக்கிறது. போய்ப் பார்த்தாயா என்று கேட்டால் வேலை என்பாய். ஒவ்வொரு ஜூலையிலும் உன் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் நடக்கும் இடைக்கால ஆய்வு மாநாட்டில் டோல்கீனைப் பற்றியும் கட்டுரை வாசிக்கிறார்கள். டோல்கீன் சொசைட்டி என்ற வாசகர் சங்கம் 1969இல் தொடங்கியது. அவர்களுடைய கருத்தரங்கும் பல முறை லீட்ஸிலேயே நடந்திருக்கிறது. செப்டம்பர் வாக்கில் ஆக்ஸ்ஃபோர்டில் ஆக்சன்மூட் என்ற பெயரில் கூடுகிறார்கள்; நேரில் போக முடியாதவர்கள் இணையத்தின் வழியாகவும் கலந்துகொள்ளலாம். ஜனவரி 3 அவருடைய பிறந்தநாள். அன்று இரவு அந்தந்த ஊர் நேரப்படி ஒன்பது மணிக்கு, உலகம் முழுவதும் உள்ள வாசகர்கள் எழுந்து நின்று, கையில் எந்தப் பானம் இருக்கிறதோ அதை உயர்த்தி, பேராசிரியருக்கு என்று சொல்லிக் குடிக்கிறார்கள். அதற்கு உறுப்பினராகக்கூட இருக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்வ்களின் மொழிகளைப் பற்றிப் பேசும் எல்ஃப்லிங் என்ற மின்மடற்குழுவில் பழைய விவாதங்களைப் படித்துக்கொண்டிருப்பதாக நீ ஒரு காலத்தில் சொல்வாய். அது இருந்த யாஹூ குழுமங்களின் சேமிப்பை 2019 டிசம்பரில் அந்த நிறுவனம் நீக்கத் தொடங்கி, மறு வருடம் சேவையையே மூடிவிட்டது. ஓடி ஓடிப் பிரதியெடுத்து ஒரு பகுதியைக் காப்பாற்றியவர்களும் தன்னார்வலர்கள்தான். நூலகத்தில் ஒரு தாளை நீக்குவதற்கே குழு கூட்டித் தீர்மானம் போட்டவள் நான். அந்தச் செய்தி என்னைத் தூங்கவிடவில்லை. இந்தத் தளங்களில் பலவற்றுக்கு அரசின் ஆதரவும் இல்லை, அறக்கட்டளைச் சொத்தும் இல்லை. படிப்பவர்கள் எல்லோரும் படித்துவிட்டு மட்டும் போனால், கவனிக்கும் ஒரு சிலர் சோர்ந்துபோகும் நாளில் எல்லாம் நின்றுவிடும். நீ இத்தனை வருடங்கள் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறாய். திருப்பிக் கொடுக்க உன்னிடம் பொருள் இருக்கிறது: வேற்றுமை பல உள்ள மொழியைத் தாய்மொழியாகப் பேசும் ஒருவன் அந்த அட்டவணையை எப்படிப் பார்க்கிறான் என்பதை அறிய அங்கே விருப்பப்படுபவர்கள் நிச்சயம் இருப்பார்கள்.

நானும் ஒரு தளத்தில் பதிவு செய்துகொண்டேன் என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய். நீ விட்டுப்போன முதல் தொகுதியை அருகில் வைத்துக்கொண்டு படித்தபோது, ஒரு கட்டுரையின் அடிக்குறிப்பில் அத்தியாயத்தின் பெயர் விடுபட்டிருந்ததைப் பார்த்தேன். செல்வி உதவியோடு அதைச் சேர்த்தேன். மறுநாள் யாரோ ஒருவர் வரவேற்று எழுதியிருந்தார். எந்த நாட்டவர், ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. அவருக்குப் பதில் எழுதிய பிறகு, அடுத்து எந்தக் கட்டுரையைப் படிக்கலாம் என்றும் கேட்டிருக்கிறேன். இரண்டாவது தொகுதி எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று பார்த்துச் சொல், இங்கே இல்லை.

ஏட்டின் அந்தப் பக்கத்தை இன்று படமெடுத்து அனுப்புகிறேன். நான்காம் வேற்றுமைக் கேள்விக்கு உனக்கு இதற்குள் விடை கிடைத்திருந்தால் எனக்கு விளக்கி எழுது. கிடைக்கவில்லையென்றால் அங்கே போய்க் கேட்டுவிட்டு, அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எழுது. என்ன பெயரில் சேர்ந்தாய் என்று எனக்குச் சொல்ல வேண்டாம். சேர்ந்துவிட்டேன் என்று ஒரு வரி போதும்.

ஆச்சி உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள், இப்போது கண் நன்றாகத் தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் காணொளியில் கூப்பிடு. நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா